சிவப்பைக் கொட்டுகிற வேலை

எனக்குக் கொடுத்த வேலை ரத்தத்திலிருந்து சிவப்பைப் பிரித்துக் கொட்டுவது.

ரத்தம் என்றால் சிவப்புதானே, அதைக் கொட்டிவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். மிஞ்சும். வெள்ளை அணு என்று ஒன்று. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. நிறையச் சேர்ந்தால் குழாயின் அடியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு புள்ளியாக உட்காரும். அந்தப் புள்ளிக்குத்தான் ஆராய்ச்சி. சிவப்பு இடைஞ்சல்.

ஈப்போவில் அந்த ஆராய்ச்சிக்கூடம் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் நடுவில் பாட்டில் கழுவ என்னைச் சேர்த்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தேன். அதோடு சரி. பிறகு ரப்பர் பால்மரம் வெட்டுகிற வேலை. பிறகு கல்யாணம். பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் வேறு ஒருத்தியைக் கூட்டி வந்தான். நான் துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். அதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ரத்தப் பிரிப்பை முன்பு ஒரு சீனர் செய்துகொண்டிருந்தார். அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். புது ஆள் வரும்வரை என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். புது ஆள் வரவே இல்லை. டாக்டர் சிலோன் தமிழர். நல்ல உத்தியோகக் குடும்பம். மற்றவர்களிடம் இங்கிலீஷ் பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ்.

"இஞ்ச பாரும். கை நடுங்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை."

நடுங்கவில்லை. பால்மரம் வெட்டிய கை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் திட்டு. அந்தப் பயம் விரலிலேயே இருந்தது.

வேலை இப்படி. உறையாமல் இருக்க மருந்து போட்ட பாட்டிலில் ரத்தம் வரும். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பாகு மாதிரி ஒரு மருந்தைக் கலந்து அப்படியே நிறுத்த வேண்டும். சிவப்பு மெல்லக் கீழே இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தண்ணீர் நிற்கும். வெள்ளை அந்தத் தண்ணீரில் இருக்கும். அதை உறிஞ்சி எடுத்து மெஷினில் சுற்றவிட வேண்டும். அடியில் வெள்ளை வந்து உட்காரும். கூடவே கொஞ்சம் சிவப்பும் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் தொல்லை. அதற்கு வெறுந்தண்ணீர். உப்பில்லாத சுத்தத் தண்ணீரை ஊற்றினால் சிவப்பு அணு தண்ணீரைக் குடித்து உப்பி வெடித்துவிடும். கலங்கல் தெளிந்து செந்தண்ணீர் ஆகும். உடனே உப்புத் தண்ணீரை ஊற்றி நிறுத்த வேண்டும். தாமதித்தால் வெள்ளையும் வெடிக்கும். கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதில்லை. ஒரு மூச்சைப் பிடித்து விடுகிற நேரம்தான். பிறகு மறுபடி சுற்ற வேண்டும், மேலே நிற்பதைக் கொட்ட வேண்டும், கழுவ வேண்டும். கடைசியில் வெள்ளைப் புள்ளி. அதை ஐஸில் வைத்து டாக்டரின் அறைக்குக் கொண்டு போவேன். சிவப்பெல்லாம் ப்ளீச் ஊற்றிய வாளிக்குப் போகும். பிறகு சாக்கடைக்கு.

கொசுக் காய்ச்சல் பற்றிய ஆராய்ச்சி என்றார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அந்தக் காய்ச்சல் அடிக்கடி வந்து பழகியிருக்கும், அவர்கள் ரத்தத்து வெள்ளை அதோடு எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதனால் தோட்டங்களுக்கு வேன் போகும். சிலிம் ரிவர் பக்கம் போனார்கள். அப்புறம் செமோர் பக்கம் என்றார்கள். செமோருக்கு உள்ளே இருக்கிற அந்தத் தோட்டம் நான் பிறந்த தோட்டம். டாக்டருக்குத் தெரிந்ததும், "நீரும் வாரும். உம்மைப் பாத்தா சனம் பயப்பிடாது" என்றார்.

பெரட்டு நடக்கிற களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், மேசை போட்டோம். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு டின் பால். ஊசி போட ஒரு சீனத்து நர்ஸ். கையைப் பிடிக்க நான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி முதல் நாளே வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம், ஆள் அனுப்பி, ஈப்போவிலிருந்து டாக்டர் வந்து ரத்தம் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டிருந்தார். ரத்தம் பார்க்கிறார். அந்தச் சொல்லைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

முன்பு என்னோடு மரம் வெட்டியவள் ஒருத்தி என் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ, யாருடி இது! டாக்டரம்மா ஆயிட்டியாலா?"

"பாட்டில் கழுவுறேன்."

"பாட்டில் கழுவ வெள்ளச் சட்டையா? எனக்கும் ஒண்ணு வாங்கியா. மரத்துல ஒட்டுப்பால் பொறுக்கப் போட்டுக்கிறேன்."

வரிசையில் ஒரு பெரியவர் ஊசியைப் பார்த்துப் பின்வாங்கினார். கொசு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் அண்ணே என்றேன்.

"கொசு எத்தன வருசமாக் குடிச்சிருக்கு. ஒரு டின்னு பால் குடுத்துச்சா? இவங்க பரவால்லலா. எடு, எடு" என்று கையை நீட்டினார். களமே சிரித்தது.

என் தங்கச்சியை அவள் மாமியார் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். தங்கச்சிக்கு வயிற்றில் ஆறேழு மாதம் இருக்கும். முன்பு ஒன்று வயிற்றிலேயே போய்விட்டது. அந்தப் பயம் மாமியாருக்கு. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். மருமகளை ஒரு நாள் பட்டினி போட்டதில்லை. என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நல்லாப் பாக்கச் சொல்லு தாயி. போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது. ரத்தத்த எடுத்தா உள்ள இருக்கிற கோளாறு எல்லாம் தெரிஞ்சிடும்லா?"

நானும் தெரியும் என்றுதான் நினைத்தேன். தலையாட்டினேன்.

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். களத்துக்கு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்னா புள்ள, இப்படி இளைக்குது?"

"வயிறு கனம் அக்கா. வாளி வேற தூக்குறேன். புள்ளையும் பாலும் ஒண்ணா தூக்கச் சொல்றான் மண்டோரு." சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

அவள்தான் கடைசி ஆள். அவள் பாட்டிலுக்கு நம்பர் ஒட்டியது நான்.

ஈப்போவுக்கு வந்து வேலையைத் தொடங்கினோம். குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். சிவப்பு இறங்கியது. எல்லாக் குழாயிலும் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. கடைசிக் குழாயில் நிற்கவில்லை. சர்ரென்று இறங்கிக்கொண்டே போனது. அடியில் கொஞ்சமாகத் தேங்கியது. மீதியெல்லாம் வைக்கோல் தண்ணீர்.

அதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குருடன்கூடத் தடவிச் சொல்வான்.

டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார். குழாயையும் நம்பர் நோட்டையும் பார்த்தார். அவருக்கும் ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஓம். சரியான ரத்தச் சோகை. கொக்கிப் புழுவா இருக்கும். பிள்ளைத்தாச்சி வேற."

"இது என் தங்கச்சி, டாக்டர்."

"அப்பிடியே? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம். ரத்தம் ஏத்துவினம்."

"நீங்க ஒரு வார்த்தை அவங்க வீட்டுல சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா எடுபடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லை. பொறுமையாகவே சொன்னார்.

"நாங்கள் வைத்தியம் பாக்கப் போகேல்லை. ஒருத்தருக்குச் சொன்னா, எனக்கு என்ன, எனக்கு என்ன எண்டு எல்லாரும் வந்து நிப்பினம். நீர் அக்காதானே. நீர் சொல்லும்."

கதவுவரை போனவர் திரும்பினார்.

"அந்தக் குழாயில வெள்ளை நல்லா வரும். சிவப்புக் குறைவு எண்டால் பிரிக்கச் சுகம். கவனமாச் செய்யும்."

செய்தேன். அவர் சொன்னது சரி. அன்றைக்கு எடுத்ததிலேயே அந்தப் புள்ளிதான் சுத்தமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். தங்கச்சி புருஷன் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சொன்னேன். உன் பெண்டாட்டிக்கு ரத்தமே இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

"டாக்டர் சொன்னாரா அக்கா?"

"சொன்னாரு."

"அப்போ ஏன் நம்மளக் கூப்பிட்டுச் சொல்லல? கிராணிக்கிட்ட சொல்லியிருப்பாருலா. கிராணி ஒண்ணும் சொல்லலியே."

மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ரத்தத்தை எடுத்துப் போனார்கள். கோளாறு இருந்தால் ஆள் விட்டிருப்பார்கள். ஆள் வரவில்லை. அப்படியென்றால் கோளாறு இல்லை. அந்த லயத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஈப்போ டாக்டரே பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லையாம். இருமல்காரன் ஒருத்தன்கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"நீ பாட்டில் கழுவுறவ. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்றாள் மாமியார். நையாண்டியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

தங்கச்சி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். என் வாய் எடுபடாது. கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். நானே கண்ணால் பார்த்துத்தானே நம்பினேன்.

அவள் பாட்டிலில் கொஞ்சம் ரத்தம் மிச்சம் இருந்தது. ஐஸ் பெட்டியில் கிடந்தது. எப்படியும் கொட்டப் போவதுதான். ஒரு மெல்லிய குழாயில் ஊற்றி, அந்தப் பாகு மருந்தைக் கலந்து ரப்பர் மூடி போட்டேன். பக்கத்தில் நிறுத்த இன்னொன்று வேண்டும். சீனத்து நர்ஸிடம் என் கையை நீட்டினேன்.

"புவாட் அப்பா?" எதற்கு என்று மலாயில் கேட்டாள்.

தங்கச்சிக்குக் காட்ட என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் உறையாமல் மருந்து போட்டு எடுத்துக் கொடுத்தாள். அதிலும் பாகைக் கலந்தேன்.

இரண்டு குழாயையும் பஞ்சில் சுற்றி, தூக்குச்சட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு போனேன். மடியில் வைத்திருந்தேன். செமோரில் இறங்கி, கடை தாண்டி, பாலத்தைக் கடந்து மரக்காட்டு வழியாக நடந்தேன். பஸ் குலுக்கலில் ரத்தம் கலந்துபோயிருந்தது. வீட்டில் கொஞ்ச நேரம் அசையாமல் நிறுத்தினால்தான் சிவப்பு இறங்கும்.

மாமியார் வீட்டில் இல்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். தங்கச்சியும் அவள் புருஷனும் இருந்தார்கள். குழாயை நிறுத்த ஏதாவது வேண்டும். சோதனைக்கூடத்தில் அதற்குக் கட்டை இருக்கிறது. இங்கே ஏது? ஒரு கிண்ணத்தில் அரிசி கொண்டு வரச் சொன்னேன். அரிசிக்குள் இரண்டையும் செங்குத்தாகக் குத்தி, வெளிச்சம் விழுகிற மூலையில் தரையில் வைத்தேன். அந்த மூலையில்தான் சாமி படம் மாட்டியிருந்தது. வீட்டில் வேறு வெளிச்சம் கிடையாது.

மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.

சிவப்பு இறங்கியது. என்னுடையது மெல்ல. அவளுடையது வேகமாக.

"இது யாரோடது?" என்றான் அவன்.

"என்னோடது."

"இது?"

"இவளோடது."

அவன் விரலை நீட்டி இரண்டையும் அளந்து பார்த்தான். என்னுடையதற்கு இரண்டு விரல் வைத்தான். அவளுடையதற்கு ஒரு விரலே அதிகம்.

"இவ்ளோதானா இருக்கு?"

"இவ்ளோதான்."

"இத வச்சிக்கிட்டா மரம் வெட்டுறா?" பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கே போலாம். கிராணிக்கிட்ட லீவு கேக்குறேன்."

தங்கச்சி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணியா இருக்குக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் மாமியார் குழைக்கட்டோடு வாசலில் வந்து நின்றாள். அவள் கண்ணில் பட்டதை நான் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். சாமி படத்துக்குக் கீழே கிண்ணத்தில் அரிசி. அரிசியில் நட்டு வைத்த இரண்டு ரத்தக் குழாய். சுற்றி மூன்று பேர். பிள்ளை இல்லாதவள் ஒருத்தி. பிள்ளைத்தாச்சி ஒருத்தி. வேறு எவள் பார்த்தாலும் அதைத்தான் நினைத்திருப்பாள். என் அம்மா பார்த்தாலும்.

குழைக்கட்டு கீழே விழுந்தது.

"அடியே! என்னாடி இது? யாரு ரத்தம்டி?"

"இவளோடதுதான் அத்தை, காட்டத்தான்..."

"எம் மருமவ ரத்தமா? எம் மருமவ ரத்தத்தையா அடச்சிக் கொண்டாந்து அரிசியில நட்டு வச்சிருக்க?"

அவன் எழுந்து குறுக்கே வந்தான். "அம்மா, அக்கா சும்மா காட்டினாங்கம்மா. ஆஸ்பத்திரியில..."

"நீ பேசாதடா! ஒனக்கும் சேத்து செய்வினை வச்சிட்டாளா? ரெண்டு இருக்கேடா, இன்னொண்ணு யாருது?"

"என்னுது" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய் சொல்லவும் தோன்றவில்லை. அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். "மலடி ரத்தத்தையும் புள்ளத்தாச்சி ரத்தத்தையும் ஒண்ணா நட்டுட்டாளே! புள்ளைய மாத்தி எடுக்கப் பாத்துட்டாளே!"

லயமே கூடிவிட்டது. வெள்ளைச் சட்டை கேட்டவளும் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலைமுந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கோயில் பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் பகலில் பால் நிறுக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவர். கை கழுவிவிட்டு வந்தார். கிண்ணத்தை வேப்பிலையால் மூடி எடுத்துப் போய் பாலத்தடியில் உடைத்துப் புதைத்தார்கள். தங்கச்சியை உட்காரவைத்து எலுமிச்சம்பழம் சுற்றி நறுக்கினார்கள். கையில் கறுப்புக் கயிறு. எல்லாம் முடிந்த பிறகு பூசாரி ஒன்று சொன்னார்.

"புள்ள பொறக்குற வரைக்கும் இந்தப் பொண்ணு தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. பாலத்துக்கு அந்தாண்ட கால் வைக்கக் கூடாது. உள்ள இருக்கிற வரைக்கும் நம்ம சாமி பாத்துக்கும். வெளிய போனா நான் பொறுப்பில்ல."

பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் ரோடு. ரோட்டில்தான் பஸ். பஸ் போகிற இடத்தில்தான் ஆஸ்பத்திரி.

தங்கச்சி என்னிடம் பேசியது ஒரே வார்த்தை. "போக்கா." கோபமாகச் சொல்லவில்லை. என்னை அடித்துவிடப் போகிறார்கள் என்று பயந்து சொன்னாள்.

அவள் புருஷன் பாலம்வரை கூட வந்தான்.

"தம்பி, நான் இனிமே வரல. எம் மூஞ்சில முழிக்க வேணாம். நீ மட்டும் கூட்டிட்டுப் போ. நீதான் கண்ணால பாத்தியே."

"பாத்தேன் அக்கா. இல்லன்னு சொல்லல." பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எல்லை தாண்டக் கூடாதுன்னுட்டாரே. ஏதாச்சும் ஆயிட்டா அம்மா என்னைய உயிரோட விடாது. பொறந்த பெறகு போலாம்லா?"

பிறந்த பிறகு. மறுபடி சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் நடந்துவிட்டேன்.

சும்மா இருக்கவில்லை. செமோர் கடைத்தெருவில் தோட்டத்து டிரெஸ்ஸரைப் பிடித்தேன். மருந்துக் கொட்டகையில் கட்டுப் போட்டு மாத்திரை கொடுக்கிறவர் அவர். விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர். இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போயிருக்கிறார். மாமியார் வாங்கி வைத்துக்கொண்டாள். அக்காக்காரி சொல்லி அனுப்பியதா என்று கேட்டாளாம். அவர் சூதுவாது தெரியாதவர். ஆமாம் என்றிருக்கிறார். அந்த மாத்திரை யார் வாய்க்கும் போகவில்லை.

டாக்டரிடம் மறுபடி கேட்டேன். நீங்கள் தோட்டத்துரைக்கு ஒரு போன் போட்டால் போதும் என்றேன். பார்ப்போம் என்றார். அந்த வாரம் அவர் கோலாலம்பூரில் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்த பிறகு மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தினேன். இன்றைக்குப் போடுகிறேன் என்றார். போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

நான் வேலைக்குப் போனேன். சிவப்பு வாளிக்குப் போய்க்கொண்டே இருந்தது. தடித்த, நல்ல சிவப்பு. வேறு தோட்டத்து ஆட்களுடையது. வாளியைச் சாக்கடையில் கவிழ்க்கும்போது சில நாள் கை நிற்கும். பிறகு கவிழ்த்துவிடும்.

பிள்ளை வீட்டில்தான் பிறந்தது. பெண் பிள்ளை. தோட்டத்து மருத்துவச்சி பார்த்தாள். பிள்ளை நன்றாக அழுதது. எல்லாருக்கும் சந்தோஷம். சர்க்கரைகூடக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தங்கச்சிக்குக் குளிர ஆரம்பித்திருக்கிறது. தாகம் தாகம் என்றிருக்கிறாள். தோட்டத்து லாரியில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். இப்போது பாலத்தைத் தாண்டலாம் அல்லவா? செமோர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மருத்துவச்சி பிறகு என்னைச் சந்தையில் பார்த்துச் சொன்னாள். "நான் ஒண்ணும் தப்புப் பண்ணல தாயி. ரத்தம் அதிகமாவும் போவல. மத்தவளுக்கெல்லாம் போற அளவுதான் போச்சு."

மற்றவளுக்குப் போகிற அளவு. இவளிடம் இருந்ததே அவ்வளவுதான். அந்த அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன?

சாவுக்குப் போனேன். பாலத்திலேயே மறித்துவிட்டார்கள். மறித்தவர்கள் என் சொந்தக்காரர்கள். கூடப் படித்தவர்கள். "ஒன்னையப் பாத்தா கெழவி எதையாவது பண்ணிக்கும். போயிடு" என்றார்கள். தாரை சத்தம் கேட்டது. அது ஓயும்வரை பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். பிறகு பஸ் ஏறினேன். மறுநாள் வேலை இருந்தது.

தோட்டத்தில் கதை இப்படி நிலைத்துவிட்டது. அக்காக்காரிக்குப் பிள்ளை இல்லாத பொறாமை. தங்கச்சி ரத்தத்தைக் குழாயில் அடைத்துக் கொண்டுவந்தாள். பூசாரி பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார். தாயைக் காப்பாற்ற முடியவில்லை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டாக்டர் ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்றுதானே விட்டுவிட்டார்? நன்றாக இருந்தவள் வேறு எப்படிச் சாவாள்?

அடுத்த வருஷம் வேன் மறுபடி அதே தோட்டத்துக்குப் போனது. அதே ஆட்களிடம் இரண்டாம் தடவை எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டுமாம். நான் வரவில்லை என்றேன். ஆள் இல்லை, வாரும் என்றார் டாக்டர். போனேன். களத்தில் கூட்டம் என்னைப் பார்த்துக் கலைந்தது. கிராணி வந்து டாக்டர் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் என்னிடம் வந்தார்.

"நீர் வேனுக்குள்ள இரும். கண்ணாடிய ஏத்திவிடும்."

ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் திரும்ப வந்து வரிசையில் நின்றார்கள். பால் டின் வாங்கினார்கள். மாமியாரும் நின்றாள். இடுப்பில் பிள்ளை. அந்தத் தூரத்தில் பிள்ளையின் முகம் தெரியவில்லை. தலைமுடி மட்டும் தெரிந்தது.

ஈப்போவுக்கு வந்து பாட்டில்களைச் சரிபார்த்தபோது டாக்டர் கேட்டார். "கடைசி நம்பர் ஒண்டு குறையுதே. அந்த நல்ல வெள்ளை?"

"செத்துப் போச்சு டாக்டர்."

"எந்த ஆள்?"

"என் தங்கச்சி."

நம்பர் நோட்டை மூடினார். "சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "இன்னொருக்கா கிடைச்சிருந்தால் நல்லா இருந்திருக்கும்" என்றார். அவளைச் சொன்னாரா, வெள்ளையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. குழாய்களை நிறுத்தப் போய்விட்டேன்.

அந்த வேலையில் பிறகும் பல வருஷம் இருந்தேன். நல்ல வேலைக்காரி என்றார்கள். எண்பதுகளின் நடுவில் ஆராய்ச்சிக்கூடத்தை மூடினார்கள். தோட்டத்தையும் அதே சமயத்தில்தான் விற்றார்கள். மரத்தை வெட்டி வீடு கட்டக் கூறு போட்டார்கள். தங்கச்சி புருஷன் அதற்கு முன்பே வேறு கல்யாணம் செய்துகொண்டு ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான். அம்மாவையும் மகளையும் கூட்டிப் போனான்.

அந்தப் பெண்ணைக் கிட்டத்தில் பார்த்தது ஒரே தடவை. ஈப்போவில் ஒரு கல்யாணம். சொந்தத்தில் யாரோ இரண்டு பக்கத்துக்கும் பத்திரிகை வைத்துவிட்டார்கள். மண்டபத்துப் பின்னால் கை கழுவுகிற குழாயடியில் நின்றிருந்தேன். பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெற்றி அப்படியே தங்கச்சி நெற்றி.

"என்னா படிக்கிற?"

"நாலாம் ஆண்டு."

என்னை அறியாமல் கை போய்விட்டது. கட்டை விரலால் அவள் கண் ரப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே நல்ல சிவப்பு.

அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னா பண்றீங்க?"

"தூசி இருந்துச்சு."

என்னையே பார்த்தாள். "நீங்கதான் ஈப்போ பெரியம்மாவா?"

"யாரு சொன்னா?"

"பாட்டி காட்டுனாங்க. உங்க கையால எதையும் வாங்கித் தின்னக் கூடாதாம்."

"நான் ஒண்ணும் குடுக்கலியே."

யோசித்தாள். "ஆமால்ல" என்றாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பந்தியில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் என்னவோ சொன்னாள். கிழவி நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். பிள்ளையின் இலையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

எதிர்ப் பந்தியில் இடம் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.